அட்டைப்பெட்டிக்கு ஓர் உரை

கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்குப் புது டிவி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. டிவி கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. அது வந்த அட்டைப்பெட்டி, பரணுக்குப் போகக் காத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் நின்றது. காபியைக் கையில் கொடுத்துவிட்டு அத்தை மெதுவாகச் சொன்னார்: "தம்பி, பெரிசா வாங்குனா நல்லா தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கென்னவோ பழைய டிவியில முகம் இன்னும் தெளிவா இருந்த மாதிரி இருக்கு. கண்ணுதான் போச்சோ என்னவோ."

கண் போகவில்லை. அத்தை சொன்னது சரி. ஏன் சரி என்பதற்கான விடையும் அந்தப் பெட்டியின் மேலேயே அச்சாகியிருந்தது. அதைப் படித்துச் சொல்லத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை. மாதாமாதம் தவணை கட்டி வாங்கும் ஒரு பொருளின் மேல், வாங்குகிறவருக்கு விளங்காத பத்துப் பதினைந்து சொற்களை அச்சடித்து அனுப்புவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் பெட்டிக்கு வரிவரியாக உரை எழுத உட்கார்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடையில் அடுக்கியிருக்கும் எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் ஏறக்குறைய இதே வரிகள்தான் இருக்கும். மூலம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழாக்கித் தருகிறேன்.

"திரை அளவு: 139 செ.மீ. / 55 அங்குலம்"

இது குறுக்களவு: மேல் மூலையிலிருந்து எதிர்ப்புறக் கீழ் மூலைக்கு இழுத்த கோடு. சுவரில் அந்தத் திரை பிடிக்கும் இடம் ஏறக்குறைய 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம், நாலடிக்கு இரண்டேகால் அடி என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போவதற்கு முன்பே சுவரில் இந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டி இரண்டு நாள் பார்ப்பது நல்லது. கடையின் உயரமான கூரைக்குக் கீழே எந்த டிவியும் ஒரு சுற்றுச் சிறியதாகவே தெரியும்.

எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. திரைப்படத் தொழில்நுட்பக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, திரை நம் பார்வையில் 30 பாகையாவது பிடிக்க வேண்டும் என்பது. குறுக்களவைப் போல 1.6 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் அந்த 30 பாகை கிடைக்கும். 55 அங்குலத்துக்கு அது ஏழேகால் அடி. அத்தை வீட்டில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே 11 அடி. சினிமாவுக்கு அது அதிகம்தான். செய்திக்கும் தொடருக்கும் அதனால் குறையில்லை. ஆனாலும் இந்த 11 அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வரிக்குத் தேவைப்படும்.

உயரத்தையும் பெட்டி சொல்வதில்லை. டிவியை மாட்ட வந்த பையன் நிலைப்படி உயரத்துக்குத் துளை போட்டுவிட்டுப் போயிருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். பாயில் உட்கார்ந்தவருக்கு இரண்டரை அடிதான். திரையின் நடுப்பகுதி இந்த இரண்டுக்கும் பக்கத்தில் இருந்தால் கழுத்து பிழைக்கும். டிவி சாமி படம் இல்லை, அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

"4கே அல்ட்ரா எச்.டி. – 3840 × 2160"

பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது இதுதான். அத்தையின் கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திரையில் கிடையாக 3840, நெடுக்காக 2160 படப்புள்ளிகள். பெருக்கினால் 82,94,400. இதற்கு முந்தைய தலைமுறையான 'ஃபுல் எச்.டி.'யில் 1920 × 1080, அதாவது 20,73,600. சரியாக நான்கு மடங்கு வித்தியாசம். கேட்டதும் நான்கு மடங்கு தெளிவு என்று தோன்றும். அது தூரத்தைப் பொறுத்தது.

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார்கள். குனிந்து நிற்பவருக்கு ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே தெரியும். தெருமுனையிலிருந்து வருபவருக்குக் கோலம் மட்டும் தெரியும், புள்ளிகள் கோட்டோடு கலந்துவிடும். கண்ணாடி தேவைப்படாத நல்ல கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். இந்தக் கணக்கில் 55 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகள் ஏழு அடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 4கே திரையின் புள்ளிகள் மூன்றரை அடியிலேயே கலந்துவிடும். ஆகவே ஏழு அடிக்கு உள்ளே உட்கார்பவருக்கே 4கே தன் கூடுதல் தெளிவைக் கொடுக்கும். 11 அடி தள்ளி உட்கார்பவருக்கு 20 லட்சம் புள்ளியும் 80 லட்சம் புள்ளியும் ஒன்றுதான். இன்று இந்த அளவில் விற்பவை பெரும்பாலும் 4கே என்பதால் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த எழுத்துக்காக மட்டும் யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இனி, அத்தை சொன்னது. திரையில் எத்தனை புள்ளி இருந்தாலும், உள்ளே வரும் படத்தில் இருக்கும் விவரம்தான் விவரம். நம் ஊரில் கேபிளிலும் டிஷ்ஷிலும் சாதாரணச் சானல்களின் உச்ச அளவு 720 × 576. மொத்தம் 4,14,720 புள்ளி. 82,94,400-ஐ இதனால் வகுத்துப் பாருங்கள், சரியாக 20 வரும். வந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு டிவி இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். பத்தொன்பது பங்கு ஊகம். நல்ல சில்லு உள்ள டிவி அந்த ஊகத்தை நயமாகச் செய்யும். விலை குறைந்த டிவியில் கன்னத்தின் மேடு பள்ளம் வழித்து விடப்பட்டு முகம் மெழுகு பூசியதுபோல் ஆகும், எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்ப்பதுபோல் அலையடிக்கும். அத்தையின் பழைய 21 அங்குல டிப்பா டிவியோ அந்த 576 வரிகளுக்காகவே செய்யப்பட்டது. வந்ததை வந்தபடி, சிறிய திரையில் நெருக்கமாகக் காட்டியது. அதில் முகம் தெளிவாக இருந்தது என்றால் அது உண்மை. கண் மேலே பழி போட வேண்டாம்.

எந்த டிவி என்று யோசிப்பதற்கு முன் என்ன படம் வரப்போகிறது என்று யோசிக்க வேண்டும் என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வது இதனால்தான். வீட்டில் எச்.டி. செட்டாப் பாக்ஸ் இருக்கிறதா? எச்.டி. சானல்களுக்குக் கட்டியிருக்கிறதா? இணையத்தில் பார்ப்பதென்றால், 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகம் 15 எம்.பி.பி.எஸ். அதன் உயர்ந்த கட்டணத் திட்டத்தில்தான் 4கே வரும். இதற்கெல்லாம் இல்லை என்பது பதிலானால், 55 அங்குலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல தரமான 43 அங்குலம் வாங்கி, மீதியைச் சந்தாவுக்கு வைத்துக்கொள்வதே மேல்.

"ஏ பிளஸ் தரப் பேனல் – எல்.இ.டி."

'ஏ பிளஸ்' என்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் கிடையாது. கடந்து போகலாம்.

'எல்.இ.டி.' என்பதற்குத்தான் பொருள் சொல்ல வேண்டும். படத்தை எல்.இ.டி. காட்டுவதில்லை. முன்னால் இருப்பது எல்.சி.டி. திரை, எல்.இ.டி. என்பது அதற்குப் பின்னால் எரியும் விளக்கு. 'கியூலெட்' என்று விற்பதும் இதே வகை. விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் கொண்ட ஒரு படலம் கூடுதலாக இருக்கும், அதனால் நிறம் செழிப்பாக வரும். அந்தப் புள்ளிகளைக் கண்டறிந்ததற்கும் உருவாக்கியதற்கும்தான் 2023-இல் மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. 'ஓலெட்' முற்றிலும் வேறு வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு அங்கே உண்மையிலேயே கறுப்பு. ஆனால் அசையாத உருவம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் ஓலெட் திரையில் பதிந்துவிடக்கூடும். காலை முதல் இரவு வரை செய்திச் சானல் ஓடி, சானலின் முத்திரையும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நகராமல் நிற்கும் வீட்டுக்கு நான் ஓலெட் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எல்.சி.டி.யிலும் இரண்டு சாதி உண்டு. 'வி.ஏ.' நேராகப் பார்த்தால் ஆழமான கறுப்பு தரும். பக்கவாட்டில் போனால் நிறம் வெளுக்கும். 'ஐ.பி.எஸ்.' பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அவ்வளவாக நிறம் மாறாது. ஆனால் அதன் கறுப்பு சாம்பலாகத்தான் இருக்கும். இதில் எது என்று பெட்டியில் பெரும்பாலும் போடுவதே இல்லை. எல்லோரும் சோபாவில் வரிசையாக நேருக்கு நேர் உட்காரும் வீடு நம்மிடம் குறைவு. அத்தை வீட்டில் பாட்டி ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி பார்ப்பார், பிள்ளைகள் பாயில் இருப்பார்கள், மாமா சாப்பாட்டு மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பார். இப்படிப்பட்ட கூடத்துக்கு அகன்ற பார்வைக் கோணம்தான் முக்கியம். கடையில் டிவிக்கு எதிரே நிற்காதீர்கள். பாட்டியின் கட்டில் இருக்கும் திசைக்கு நகர்ந்து நின்று, திரையில் ஒரு மனித முகத்தின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள்.

"எச்.டி.ஆர்.10 – டால்பி விஷன் – 107 கோடி நிறங்கள்"

இந்த வரி நல்ல டிவியில் உண்மையான வரம். மலிவான டிவியில் வெறும் சொல்.

கோயில் கருவறையில் தீபாராதனை காட்டும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் இருட்டு. நடுவில் கற்பூரச் சுடர். அந்த ஒரு கணம் அம்மன் முகமும் மூக்குத்தியும் தெரிகின்றன. நேரில் நிற்கும் கண்ணுக்குச் சுடரும் தெரியும், இருளில் இருக்கும் முகமும் தெரியும். பழைய முறைத் தொலைக்காட்சியில் இரண்டையும் ஒருங்கே காட்ட முடியாது. முகத்தைக் காட்டினால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகும், சுடரைக் காட்டினால் முகம் இருட்டில் போகும். எச்.டி.ஆர். இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுவதற்காக வந்தது.

அதற்குத் திரையில் உண்மையான வெளிச்சம் வேண்டும். அதை 'நிட்ஸ்' என்ற அலகால் அளக்கிறார்கள். பழைய முறைப் படங்கள் 100 நிட்ஸுக்கு ஏற்பத் தயாரானவை. எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸுக்கும், சில அதற்கு மேலும் தயாராகின்றன. விலை குறைந்த டிவிகள் பல 250 முதல் 350 நிட்ஸ் வரைதான் எட்டும். எச்.டி.ஆர். என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தப் படத்தை வாங்கிப் படிக்க டிவிக்குத் தெரியும் என்றுதான் பொருள். சுடரைச் சுடராகக் காட்டும் என்ற உறுதி அதில் இல்லை. பின்விளக்கு முழுத்திரைக்கும் ஒரே மட்டத்தில் எரிகிறதா, அல்லது பகுதி பகுதியாக அடங்கி எரிகிறதா என்பதும் இங்கே பெரிய விஷயம். ஒரே மட்டத்தில் எரிந்தால், சுடருக்காக விளக்கை ஏற்றும்போது கருவறை இருட்டும் சாம்பல் பூக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உச்ச வெளிச்சம் எத்தனை நிட்ஸ்? பின்விளக்கு எத்தனை மண்டலம்? என் மட்டில், 600 நிட்ஸுக்குக் கீழே எச்.டி.ஆர். என்ற சொல்லுக்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

107 கோடி நிறக் கணக்கு எளிது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தலா 1024 படிகள் இருந்தால், மூன்றையும் பெருக்க அந்த எண் வரும். பழைய முறையில் தலா 256 படிகள், மொத்தம் 1 கோடியே 67 லட்சம். அந்தி வானம் திரையில் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிகிறதே, அது படிகள் போதாததால் வருவது.

"புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸ் – இயக்கச் சீராக்கம்"

திரை நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப, 'இயக்கச் சீராக்கம்' எடுக்கப்படாத படங்களைத் தானே உருவாக்கி நடுவில் செருகும். கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது இது உதவும். சினிமாவில் காட்சியின் கனம் போய்விடும்; பெரும் செலவில் எடுத்த படம் வீட்டு வீடியோ போலத் தெரியும். நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் ஒரு காணொளி வெளியிட்டு, இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. ஒரே தேர்வில் இந்தச் செருகல் வேலைகள் நின்றுவிடும். உங்கள் டிவியில் அது இருந்தால் சினிமாவுக்கு அதையே வையுங்கள். இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி' என்றிருப்பதை வையுங்கள்.

அந்த முறைக்கு மாற்றியதும் முதலில் எல்லாம் மஞ்சளடித்தது போல் இருக்கும். கடையில் கண்ணைக் கவர்வதற்காக வைக்கும் பளிச்சென்ற முறையில் வெள்ளை நிறம் நீலத்துக்குச் சாய்ந்திருக்கும்; வேட்டி சொட்டு நீலத்தில் அலசியதுபோலத் தெரியும். கண் அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், மனிதத் தோல் மனிதத் தோலாகத் தெரியத் தொடங்கும்.

"ஒலி 20 வாட்ஸ் – டால்பி அட்மாஸ்"

திரை மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு இடமில்லாமல் போனது. இன்றைய டிவிகளில் அது பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ ஒலிக்கிறது. ஒலி சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. இசை கேட்கும், வசனம் குழையும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதுதான் உண்மையான குறை. வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டுவார்கள், விளம்பரம் வந்ததும் வீடே அதிரும், யாராவது கத்துவார்கள். பாட்டி மறுபடி ஒலியைக் குறைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமலே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

'அட்மாஸ்' என்ற சொல் இந்தக் குறையைத் தீர்க்காது. 55 அங்குலத்துக்குப் பதில் 50 வாங்கி, மிச்சமாகும் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கச் சொல்வேன். அதிலும் வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். வசனத்துக்கென்று நடுவில் தனி ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பாருங்கள். 3.1 என்றால் இருக்கிறது, 2.1 என்றால் இல்லை. பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

"எச்.டி.எம்.ஐ. 3 (ஒன்றில் இ-ஆர்க்) – யு.எஸ்.பி. 2 – ஏ.வி. 1"

சவுண்ட்பாரை 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்' என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். மற்றவற்றில் செருகினால் டிவியின் ஒலி வெளியே வராது. செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று போனால் மீதம் ஒன்று. அதனால் மூன்றுக்குக் குறையாமல் வாங்குங்கள். கம்பியில் போவது டிஜிட்டல் குறிப்பு. தகுந்த வேகத்துக்குச் சான்று பெற்ற கம்பி என்றால், முந்நூறு ரூபாய்க் கம்பிக்கும் மூவாயிரம் ரூபாய்க் கம்பிக்கும் படத்தில் வித்தியாசம் இருக்காது.

"ஸ்மார்ட் டிவி – 2 ஜி.பி. – 16 ஜி.பி."

முறைப்படி கூகுள் சான்று பெற்ற டிவியா, ஆண்ட்ராய்டின் திறந்த வடிவத்தைத் தாங்களே ஏற்றிக்கொண்ட டிவியா என்று கேளுங்கள். இரண்டாவது வகையில் சில செயலிகள், திரை 4கே ஆனாலும், உயர்ந்த தெளிவில் படத்தைக் கொடுக்க மறுத்துவிடும். மற்றபடி, ஐந்தாறு ஆண்டில் மென்பொருள்தான் முதலில் முதுமையடையும், திரை நன்றாகவே இருக்கும். அப்போது ஒரு சிறு ஸ்ட்ரீமிங் குச்சியை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் போதும். டிவியை மாற்ற வேண்டாம்.

"மின்திறன் 120 வாட்ஸ்"

நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 22 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 43. பயப்பட ஒன்றுமில்லை. ஐப்பசி இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்குபவர்கள், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்றி வையுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

"அதிகபட்ச சில்லறை விலை"

இந்த எண்ணைத் தள்ளுபடிக் கணக்குக்கு அடிப்படையாக எடுக்காதீர்கள். பில்லில் வரும் தொகையை மட்டும் நான்கு கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைச்சீட்டைக் காட்டித் தள்ளுபடி என்று சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பெட்டியினுள்: டிவி, ரிமோட், பேட்டரி 2, மேசைக்கால் 2, திருகுகள், ஏ.வி. இணைப்பி, கையேடு"

கடைசி வரி. இதை இரண்டு முறை படித்தேன். ஏ.வி. இணைப்பி இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கம்பி இல்லை.

டிவியை ஒரு பக்கம் லேசாக இழுத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிவியை மாட்டிய பையன் கையில் இருந்ததை வைத்து வேலையை முடித்திருந்தான். பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் அந்த இணைப்பி வழியாகப் புது டிவிக்குள் போயிருந்தன. அந்த மஞ்சள் கம்பி 576 வரிகளுக்கு மேல் சுமக்காது. செட்டாப் பாக்ஸைத் திருப்பினால், அது எச்.டி. பாக்ஸ். எச்.டி. சானல்களுக்கு இரண்டு ஆண்டாகப் பணமும் கட்டியிருக்கிறார்கள். அதன் எச்.டி.எம்.ஐ. துளையில் வந்த நாளில் இருந்த ரப்பர் மூடி அப்படியே இருந்தது.

கடைத்தெருவில் 250 ரூபாய்க்கு ஒரு கம்பி வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றிக் கம்பியைச் செருகினேன். பாக்ஸின் அமைப்பில் வெளியீடு 576 என்று இருந்ததை 1080 ஆக்கினேன். பக்கவாட்டில் இழுத்துப் பருத்திருந்த படத்தை 16:9-க்குக் கொண்டுவந்தேன். டிவியில் சினிமா முறையை வைத்து, இயக்கச் சீராக்கத்தை அணைத்தேன். பிறகு அத்தை வழக்கமாகப் பார்க்கும் தொடரை, அதே சானலின் எச்.டி. எண்ணில் வைத்தேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இவ கழுத்துல போட்டிருக்கிறது காசுமாலையா? இத்தனை நாள் ஏதோ பட்டையா நகைன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் எழுந்துபோய், சுவரோரம் கிடந்த பிரம்பு நாற்காலியை இழுத்து டிவிக்கு ஏழடி தூரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.